தெரு விட்டுக்கொடுக்காத பப்புகள்

லண்டனுக்கு வரும் உறவினர்களை பப்புக்கு அழைத்தால், பெரும்பாலும் அவர்கள் கையில் ஏற்கெனவே ஒரு பட்டியல் இருக்கும். ஃப்ளீட் தெருவில் 1666 பெருந்தீக்கு அடுத்த ஆண்டே திரும்பக் கட்டப்பட்ட ‘யே ஓல்டே செஷயர் சீஸ்’; சதர்க்கில், பாரம்பரிய இடங்களைக் காக்கும் நேஷனல் டிரஸ்ட் அமைப்புக்குச் சொந்தமான, மரத் தாழ்வாரங்கள் கொண்ட ‘ஜார்ஜ் இன்’; வாப்பிங்கில் தேம்ஸ் நதியை ஒட்டிய ‘ப்ராஸ்பெக்ட் ஆஃப் விட்பி’. இவை பார்க்க வேண்டியவைதான். நானும் விருந்தாளிகளை அங்கெல்லாம் கூட்டிக்கொண்டு போகிறேன். ஆனால் அங்கே பக்கத்து மேஜையில் இருப்பவரும் நம்மைப் போலவே அன்றைக்கு மட்டும் வந்தவராக இருப்பார். கட்டடத்தைப் பார்த்துவிட்டுத் திரும்புவோம். லண்டன்காரர்களைப் பார்த்திருக்க மாட்டோம்.

எந்த பப்புக்குப் போகலாம் என்று என்னைக் கேட்பவர்களிடம் நான் ஒரே ஓர் அளவுகோலைத்தான் சொல்கிறேன். நாளைக்கு இதை இழுத்து மூடப்போகிறார்கள் என்றால் இந்தத் தெரு சண்டைக்கு வருமா? வரும் என்றால் அங்கே போங்கள். இப்படிச் சண்டைக்கு வந்த தெருக்கள் லண்டனில் உண்மையாகவே இருக்கின்றன. சிலவற்றில் சண்டை ஜெயித்தும் இருக்கிறது.

முதலில் கில்பர்ன் பக்கம் ‘கார்ல்டன் டேவர்ன்’. கில்பர்ன் பார்க் பாதாள ரயில் நிலையத்திலிருந்து நடக்கும் தூரம். 1920களின் தொடக்கத்தில் சாரிங்டன் மதுவாலைக்காகக் கட்டிய செங்கல் கட்டடம். இரண்டாம் உலகப் போரின் குண்டுகளுக்குத் தப்பி நின்றது. கட்டடத்தை வாங்கிய நிறுவனம் அங்கே அடுக்குமாடி வீடுகள் கட்ட அனுமதி கேட்டது. வெஸ்ட்மின்ஸ்டர் மாநகராட்சி மறுத்தது. பாரம்பரியக் கட்டடமாக இதை அறிவிக்கலாமா என்று ‘ஹிஸ்டாரிக் இங்கிலாந்து’ அமைப்பு பரிசீலித்துக்கொண்டிருந்த அதே நாட்களில், 2015 ஏப்ரலில், ஈஸ்டர் விடுமுறை முடிந்த கையோடு, இடிக்கும் இயந்திரங்கள் வந்தன. அனுமதி எதுவும் இல்லை. தெருக்காரர்கள் ஓடி வந்து பார்த்தபோது சுவர்கள் சரிந்து கொண்டிருந்தன.

இதற்கு மேல் நடந்ததுதான் எனக்கு இன்றும் மெய்சிலிர்க்க வைக்கும் விஷயம். இப்படி ஒன்று நடக்கக்கூடும் என்ற சந்தேகம் அக்கம்பக்கத்தாருக்கு முன்பே இருந்தது. அவர்கள் தட்டிய கதவுகளால்தான் அந்த ஆய்வே நடந்தது. அந்த ஆய்வின்போது கட்டடத்தை விவரமாகப் பதிவு செய்து படமெடுத்து வைத்திருந்தார்கள். எனவே மாநகராட்சியால் உறுதியாகக் கேட்க முடிந்தது: எப்படி இருந்ததோ அப்படியே, செங்கல் செங்கலாகத் திரும்பக் கட்டு. நிறுவனம் மேல்முறையீடு செய்தது, 2016இல் தோற்றது. கட்டி முடித்துக் கதவு திறக்க 2021 ஏப்ரல் ஆகிவிட்டது. ஆறு ஆண்டுகள் ஒரு தெரு மனம் தளராமல் கூட்டம் போட்டு, மனு எழுதி, வழக்கு விசாரணைக்குப் போய் உட்கார்ந்திருக்கிறது. முகப்பில் பழைய ஓடுகளோடு அதே பெயர்ப் பலகையைப் பார்க்கும்போது, இடிபாடுகள் குவிந்து கிடந்த பழைய புகைப்படங்கள் எனக்கு நினைவுக்கு வரும். சட்டத்தை மீறி இடித்தவர் அபராதத்தைக் கட்டிவிட்டு லாபத்தோடு போவதைத்தான் நாம் எங்கும் பார்த்துப் பழகியிருக்கிறோம். இங்கே இடித்தவரே கட்டித் தர வேண்டியிருந்தது.

இப்படிப் போராட ஏன் தேவை வந்தது என்பதற்கு ஓர் எண்ணிக்கை போதும். 2001இல் லண்டனில் 4,835 பப்புகள் இருந்தன, 2016இல் 3,615. பதினைந்து ஆண்டுகளில் நான்கில் ஒரு பங்கு காணாமல் போய்விட்டது. குடிப்பவர் குறைந்தது, வரி, சூப்பர்மார்க்கெட்டில் மலிவாகக் கிடைக்கும் பீர் என்று காரணங்கள் பல இருந்தாலும், லண்டனைப் பொறுத்தவரை பெரிய காரணம் மனை விலை. மூலை மனையில், இரண்டு தெருவைப் பார்த்து, மேலே நான்கு அறைகளோடு நிற்கும் ஒரு பப், வீடுகளாக மாறினால் எத்தனை மடங்கு விலை போகும் என்று கணக்குப் போடத் தெரியாத மனைத்தரகர் யாருமில்லை. நன்றாக ஓடிய பப்புகளும் இதனால்தான் மூடின. 2017 வரை இங்கிலாந்தில் ஒரு பப்பை இடிக்கத் தனித் திட்ட அனுமதிகூடப் பெரும்பாலும் தேவைப்படவில்லை. அந்த ஆண்டு மே மாதம்தான் அந்த ஓட்டையை அடைத்தார்கள்.

அதற்கு முன்பே தெருக்காரர்களுக்குக் கிடைத்திருந்த ஆயுதம் 2011இல் வந்த உள்ளாட்சிச் சட்டம். ஒரு கட்டடம் சமூகத்துக்குப் பயன்படுகிறது என்று ஊர்க்காரர்கள் மாநகராட்சியில் பதிவு செய்து கொள்ளலாம். உரிமையாளர் விற்கப் போனால், ஊர்க்காரர்கள் பணம் திரட்டிக்கொண்டு வர ஆறு மாதம் அவகாசம் கேட்கலாம். தென்கிழக்கு லண்டனில் நன்ஹெட் என்ற பகுதியில் ‘ஐவி ஹவுஸ்’ 2012இல் மூடப்பட்டபோது, அந்தச் சட்டத்தின்கீழ் முதன்முதலாகப் பதிவான பப் அதுதான். 371 பேர் பங்கு வாங்கினார்கள். 2013இல் அவர்களே அதைத் திறந்தார்கள். லண்டனின் முதல் கூட்டுறவு பப்.

ஐவி ஹவுஸின் பின்கூடத்தை நீங்கள் அவசியம் பார்க்க வேண்டும். 1930களின் மரப்பலகைச் சுவர்கள், ஒரு மேடை, திரைச்சீலை. 1970களில் ‘நியூலேண்ட்ஸ் டேவர்ன்’ என்ற பெயரில் இருந்தபோது இயன் ட்யூரி போன்றவர்கள் பாடிய மேடை. எனக்குப் பிடித்தது அங்கே ஆளாளுக்கு ஒரு நியாயம் இருப்பது. பங்குதாரர் ஒருவர் கவுண்டருக்கு வந்து நாற்காலிகளைப் பற்றிக் குறை சொல்வார். இன்னொரு பங்குதாரர் நாற்காலிகள் நன்றாகத்தான் இருக்கின்றன என்பார். நமது ஊர்க் கூட்டுறவுச் சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தைப் பார்த்தவர்களுக்கு அந்தக் காட்சி சட்டென்று புரிந்துவிடும். தங்களுடையது என்ற நினைப்பு இருக்கும் இடத்தில்தான் இத்தனை சண்டை வரும்.

ஹாக்ஸ்டன் பக்கம் ‘வென்லாக் ஆர்ம்ஸ்’ கதையும் ஏறக்குறைய இதுதான். இடிக்கும் திட்டம், எதிர்ப்பு, சுற்றியுள்ள பாதுகாக்கப்பட்ட பகுதியின் எல்லையை மாநகராட்சி நீட்டித்தது, பப் பிழைத்தது. ப்ளாக்ஃப்ரையர்ஸ் பாலத்துக்கு அருகே ஆப்பு வடிவத்தில் நிற்கும் ‘ப்ளாக் ஃப்ரையர்’ அதற்கும் முந்திய தலைமுறை. 1905இலிருந்து சலவைக்கல்லும் செம்பும் இழைத்து, சுவரெங்கும் துறவிகளின் உருவங்களைப் பதித்த அந்த உட்புறத்தை, 1960களில் இடிப்பிலிருந்து காத்தவர்களின் முன்னணியில் நின்றவர் கவிஞர் ஜான் பெட்ஜெமன்.

அக்கம்பக்கத்தாருக்கு பப்பின்மீது பாசம் இருப்பது சரி. பப்புக்கு அவர்கள் ஏன் தேவை? வாடிக்கையாளர் தேவை என்று பொதுவாகச் சொல்லிவிடலாம். ஆனால் அதைவிட நுட்பமான பதில் தரைக்கு அடியில், நிலவறையில் இருக்கிறது. வாடிக்கையாகப் போகும் பப்பில் ஒரு முறை அதை நடத்தும் அம்மையார் என்னைக் கீழே கூட்டிக்கொண்டு போய்க் காட்டினார். செங்குத்தான படிகள், தலையைக் குனிந்தால்தான் போகலாம். உள்ளே குளிர் உறைக்கவில்லை. பதினொன்றிலிருந்து பதின்மூன்று டிகிரிக்குள் வைத்திருப்பார்கள். சாய்வான மரச்சட்டங்களின்மேல் பீப்பாய்கள் படுத்திருந்தன.

‘ஏல்’ எனப்படும் இங்கிலாந்தின் பாரம்பரிய பீர், பீப்பாய்க்குள் உயிரோடு வருகிறது. ஈஸ்ட் அதற்குள் இன்னும் வேலை செய்துகொண்டிருக்கும். பீப்பாய் வந்து இறங்கியதும் அசையாமல் கிடக்க வேண்டும். மேல் துளையில் முதலில் காற்றுப் புகக்கூடிய மென்மரத்தாலான சிறு முளையை அடிப்பார்கள்; உள்ளே திரண்டிருக்கும் வாயு மெல்ல வெளியேறும், முளையைச் சுற்றி நுரை பொங்கி வரும். அந்த அம்மையார் விரலால் நுரையைத் துடைத்துவிட்டு, எத்தனை நொடியில் மீண்டும் பொங்குகிறது என்று பார்த்தார். அடங்கியதும் கடினமரத்தாலான முளையை மாற்றி அடிப்பார்கள். வண்டல் அடியில் படிந்த பிறகுதான் விற்பனை. மேலே கவுண்டரில் நாம் பார்க்கும் நீண்ட கைப்பிடி ஒரு பம்பு. அதை இழுக்கும்போது கீழேயிருந்து பீர் ஏறுகிறது. வேறு வாயு எதையும் செலுத்தித் தள்ளுவதில்லை. 1971இல் நான்கு நண்பர்கள் தொடங்கிய ‘காம்ரா’ இயக்கம் அரை நூற்றாண்டாகக் காத்து வருவது இந்த முறையைத்தான்.

இப்போது கணக்குக்கு வருவோம். ஓர் ‘ஃபிர்கின்’ பீப்பாயில் ஒன்பது காலன், அதாவது 72 பைண்ட். ஒரு பைண்ட் 568 மில்லிலிட்டர். பம்பை இழுக்க இழுக்க, போன பீரின் இடத்தில் காற்று உள்ளே வரும். அப்புறம் மூன்று நாள்தான். நான்காம் நாள் சுவை மங்கும், அதன்பின் புளிக்கும். ஆக, ஒரு பீப்பாயைத் திறந்தால் மூன்று நாளைக்குள் எழுபது கோப்பைகளுக்கு ஆள் வர வேண்டும். செவ்வாய்க்கிழமையும் வர வேண்டும், மழை பெய்தாலும் வர வேண்டும். சுற்றுலாப் பயணிகளை நம்பி ஒரு குடியிருப்புத் தெருவில் இதைச் செய்ய முடியாது. நல்ல ஏல் கிடைக்கும் பப் என்றால், அங்கே தவறாமல் வந்துபோகும் ஒரு கூட்டம் இருக்கிறது என்று பொருள். கோப்பையில் முதல் வாய் வைத்ததுமே அந்தத் தெருவின் நிலைமை தெரிந்துவிடுகிறது. கென்டிஷ் டவுன் பக்கம், சிறிய மதுவாலைகளின் பீரையும், சைடர் என்ற ஆப்பிள் மதுவையும் மட்டுமே விற்கும் ‘சதாம்ப்டன் ஆர்ம்ஸ்’ போன்ற குறுகலான கடை தாக்குப்பிடிப்பது அப்படித்தான். அங்கே ஒரு பழைய பியானோவும், இசைத்தட்டு சுழலும் பெட்டியும் உண்டு. உட்கார இடம் கிடைப்பது அரிது.

நகரின் நடுப்பகுதியிலும் இதே குணத்தோடு சில இடங்கள் இருக்கின்றன. ரஸ்ஸல் ஸ்கொயருக்கு அருகே ‘தி லாம்ப்’ பப்பில் கவுண்டருக்கு மேலே கண்மட்டத்தில் சிறுசிறு கண்ணாடிக் கதவுகள் வரிசையாக இருக்கும். சுழற்றித் திறக்கலாம், மூடலாம். விக்டோரியா காலத்துக் கனவான்கள், தங்களுக்குப் பரிமாறுபவர் தங்கள் முகத்தைப் பார்த்துவிடாமல் இருக்க வைத்துக்கொண்டவை. ஹோபர்னில் ‘பிரின்சஸ் லூயிஸ்’ இன்னும் ஒரு படி மேல். 1891இல் அமைத்த உட்புறம்: செதுக்கிய கண்ணாடித் தடுப்புகளால் கவுண்டரைச் சுற்றிச் சிறுசிறு அறைகள், தரையிலிருந்து கூரைவரை ஓடுகள், பெரிய கண்ணாடிகள். அதை நடத்தும் யார்க்‌ஷயர் மதுவாலை தன் பப்புகளில் பாட்டும் தொலைக்காட்சியும் வைப்பதில்லை. அதனால் பக்கத்து அறையில் யாரோ சிரிப்பது மட்டும் தடுப்பைத் தாண்டிக் கேட்கும். பேசுவதற்கென்றே இவ்வளவு நுணுக்கமாகக் கட்டிய அறைகளை வேறெங்கும் நான் கண்டதில்லை.

அந்தத் தடுப்புகளைப் பற்றி எழுதும்போது இன்னொரு தடுப்பைப் பற்றியும் எழுதாமல் போக முடியாது. இந்தக் கதவுகள் நமக்கு எப்போதும் திறந்திருந்தவை அல்ல. 1960களில் இங்கிலாந்தின் எத்தனையோ பப்புகளில் கறுப்பினத்தவருக்கும் நம்மவர்களுக்கும் ஓர் அறை, வெள்ளையர்களுக்கு ஓர் அறை. சில இடங்களில் உள்ளே நுழையவே தடை. 1965 பிப்ரவரியில், கொல்லப்படுவதற்கு ஒன்பது நாள் முன்பு, அமெரிக்கக் கறுப்பினத் தலைவர் மால்கம் எக்ஸ் பர்மிங்காமை ஒட்டிய ஸ்மெதிக்குக்கு வந்தார். இந்தியத் தொழிலாளர் சங்கத்துக்காரர்கள் அவரை ‘ப்ளூ கேட்ஸ்’ பப்புக்கு அழைத்துப் போனார்கள். வெள்ளையருக்கென்று ஒதுக்கிய அறையில் அவருக்கும் பரிமாற மறுத்தார்கள். அதே ஆண்டு வந்த இன உறவுச் சட்டம்தான் பொது இடங்களில் இந்தப் பாகுபாட்டைச் சட்டவிரோதமாக்கியது. சட்டம் வந்ததும் மனங்கள் மாறிவிடவில்லை. வார்ப்பட ஆலைகளில் வேலை முடித்து வந்த பஞ்சாபியர்கள் மெல்ல மெல்ல பப்புகளைத் தாங்களே எடுத்து நடத்தத் தொடங்கினார்கள். பீரோடு தந்தூரி இறைச்சியும் வந்தது. ‘தேசி பப்’ என்று இன்று கொண்டாடப்படுவது அவர்கள் பட்ட அவமானத்திலிருந்து பிறந்தது. லண்டனில் சவுத்தாலில் ‘கிளாஸி ஜங்ஷன்’ என்ற பப் இந்திய ரூபாயையே வாங்கிக்கொண்டு பீர் கொடுத்துப் பேர் பெற்றிருந்தது. இப்போது அது இல்லை.

2022இல் பார்ன்ஸ்பரியில் ஒரு தெருமுனை பப்பின் பலகையில் ‘தி தமிழ் பிரின்ஸ்’ என்று எழுதினார்கள். சமையலைக் கவனிப்பவர் பிரின்ஸ் துரைராஜ். மறு ஆண்டு ஏஞ்சல் பக்கம் ‘தி தமிழ் கிரௌன்’ வந்தது. ‘கிங்ஸ் ஹெட்’, ‘குயின்ஸ் ஆர்ம்ஸ்’ என்று அரச குடும்பத்தையே எழுதிப் பழகிய பலகைகளின் வரிசையில் ‘தமிழ்’ என்ற சொல்லைப் பார்த்தபோது எனக்குத் தொண்டை அடைத்தது என்பதைச் சொல்லிக்கொள்வதில் எனக்குத் தயக்கம் இல்லை. மொறுமொறுப்பான வெண்டைக்காய் வறுவலைக் கேட்டு வாங்குங்கள். மாலை வேளைகளில் அது பப் என்பதைவிட உணவகமாகத்தான் இருக்கிறது. முன்பதிவு இல்லாமல் மேஜை கிடைக்காது. பப்பாக அனுபவிக்க வேண்டுமானால் பொழுது சாயும் முன் போய்க் கவுண்டர் ஓரமாக இடம் பிடிக்க வேண்டும்.

குடிக்காதவர்கள் என்ன செய்வது என்று கேட்பீர்கள். நம் குடும்பங்களில் குடி செய்த நாசம் கொஞ்சநஞ்சமல்ல. அந்தக் கசப்போடு வருபவரிடம் பப்பைப் புகழ்ந்து பேசும்போது நான் சொற்களை அளந்துதான் பேசுகிறேன். என் மாமா ஒருவர் ஊரிலிருந்து வந்திருந்தார். வாழ்நாளில் ஒரு துளி தொடாதவர். உள்ளே வரவே மாட்டேன் என்றவரை ஞாயிறு மதியம் ஒன்றிற்கு எங்கள் பகுதி பப்புக்குக் கூட்டிக்கொண்டு போனேன். குடும்பங்கள், குழந்தைகள், மேஜைக்கடியில் படுத்திருக்கும் நாய்கள், ஜன்னலோரம் குறுக்கெழுத்துப் போட்டுக்கொண்டிருக்கும் வயதான அம்மாள். “என்ன வேண்டும், லவ்?” என்று கவுண்டரில் கேட்ட பெண்ணிடம் அவரே லைம் சோடா கேட்டு வாங்கினார். யாரும் அவரை ஏற இறங்கப் பார்க்கவில்லை. “தம்பி, இங்கே யாரும் ஒளிந்து குடிக்கவில்லையே” என்றார். பக்கத்து மேஜைக்காரர் அவரிடம் கிரிக்கெட் பேச ஆரம்பித்த பிறகு நான் அங்கே தேவைப்படவில்லை. சைவம் பார்ப்பவர்களுக்கு ஒரு தகவல்: பீப்பாய் ஏலைத் தெளிய வைக்க மீனின் காற்றுப்பையிலிருந்து எடுத்த பொருளைச் சேர்ப்பது பழைய வழக்கம். இப்போது சேர்க்காமலே வடிப்பவர்களும் பலர். கேட்டால் சொல்வார்கள்.

வழக்கங்கள் சில உண்டு. மேஜையில் உட்கார்ந்து பரிமாற ஆள் வருவார் என்று காத்திருக்காதீர்கள். கவுண்டருக்கு நீங்கள்தான் போக வேண்டும். அங்கே வரிசை கிடையாது. ஆனால் யாருக்குப் பின் யார் வந்தார்கள் என்பது அத்தனை பேருக்கும் தெரியும். உங்களுக்கு முன் வந்தவரை விட்டுவிட்டு உங்களைக் கேட்டால், “அவர்தான் முதலில்” என்று கைகாட்டுங்கள். அந்த ஒரு செயலால் நீங்கள் அங்கே மதிப்புப் பெறுவீர்கள். நான்கு பேராகப் போனால் ஆளுக்கொரு ரவுண்டு, அதாவது முறைவைத்து ஒவ்வொருவரும் எல்லோருக்கும் சேர்த்து வாங்குவது வழக்கம். தன் முறை வரும்போது நழுவுகிறவரை ஆண்டுக் கணக்கில் மறக்க மாட்டார்கள். எந்த ஏல் என்று தெரியாவிட்டால் சுவைத்துப் பார்க்கக் கொஞ்சம் கேட்கலாம், தருவார்கள். மணி அடித்தால் கடைசி ஆர்டர்.

நேரம் ஒதுக்க முடிந்தவர்களுக்கு நான் முதலில் எழுதித் தரும் முகவரி டாட்டன்ஹாமில் சர்ச் ரோட்டில் உள்ள ‘ஆன்ட்வெர்ப் ஆர்ம்ஸ்’. ப்ரூஸ் காசில் பூங்காவுக்கு அருகே, பக்கத்துவாசிகள் சேர்ந்து 2015இல் விலைக்கு வாங்கிய பழைய பப். பின்னால் தோட்டம் உண்டு. ஒயிட் ஹார்ட் லேன் நிலையத்தில் இறங்கி நடக்கலாம். கால்பந்துப் போட்டி நாளாக இருந்தால் வேறு நாள் பார்த்துக்கொள்ளுங்கள். வார நாளில், நான்கு மணிக்கு மேல், வேலை முடித்தவர்கள் வரத் தொடங்கும் நேரத்தில் போனால் பேச ஆள் கிடைக்கும். இதை எப்படி வாங்கினீர்கள் என்று ஒரே ஒரு கேள்வி கேளுங்கள், பதில் சொல்ல ஒன்றுக்கு மூன்று பேர் வருவார்கள்.